நரிக்கு ஒரு படகு

“பாவம், அந்த நரிக்கு இந்தத் தீவு பத்தலம்மா,” என்றார் கோமதிநாயகம்.

வடிவம்மை காய்ந்த இலந்தைப் பழத்தில் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தீவில் அவள் துறவு சொல்லித்தரும் குரு. அவர் ஒரே சீடர். வயதில் அவர் பத்து வருஷம் மூத்தவர். அதனால் திட்டுவதைக்கூட அவள் மரியாதையாகவே திட்டுவாள்.

“எந்த நரி?”

“பூனை உயரத்துல ஒண்ணு திரியுதே, அதுதான். விடிஞ்சா தீவைச் சுத்துது. மேட்டுல ஏறுது, இறங்குது. ஒரு எடத்துல நிலைக்கல. பொழுது சாஞ்சா பாறையில உக்காந்து கடலையே பாக்குது. அக்கரையில அதுக்கு யாரோ இருக்காங்க.”

“அது சொல்லிச்சா?”

“சொல்லணுமா? பாத்தாத் தெரியாதா?”

ஆடிக் காற்று தொடங்கப் போகிறது. இன்றைக்கு வரும் மிக்கேலின் படகுதான் கடைசி. பிறகு காற்று அடங்கும்வரை எவனும் கடலில் இறங்கமாட்டான்.

“அதை அனுப்பிரலாம்மா.”

“அனுப்புங்க.”

கருவாட்டைக் காட்டி நரியைக் கூடைக்குள் வரவைத்தார். அதற்கு மனுஷ பயம் கிடையாது. முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், வந்து நின்ற படகில் கூடையை வைத்தார்.

மிக்கேலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இதை நான் யார்கிட்ட அய்யா விட?”

“கரையில விட்டுட்டு, பஸ்ஸு நிக்குத எடத்துக்கு வழி காட்டு. ஊர்ல இறங்கினதும் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால பச்சைக் கதவு வீடு. கோவிச்சுட்டுப் போன அப்பன்னு பாக்காது அந்தப் பிள்ளை, கதவைத் தொறந்து...”

படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மிக்கேல் சிரிப்பதை நிறுத்திக்கொண்டான்.

கூடைக்குள் இருந்த கருவாடு தீர்ந்தது. நரி வெளியே குதித்தது. நீந்திக் கரையேறி, உடம்பை உதறிவிட்டு, வழக்கமான பாறையில் போய் உட்கார்ந்து கடலைப் பார்த்தது.

“அந்தா, மறுபடியும் பாக்குதே,” என்றார் கோமதிநாயகம். குரலில் தெம்பில்லை.

“தண்ணி வத்தட்டும்னு பாக்குது,” என்றாள் கரையில் நின்ற வடிவம்மை.

தண்ணீர் மெல்ல வற்றியது. பாறை இடுக்கில் நண்டுகள் தெரிந்தன. நரி இறங்கிப்போய் ஒன்றைக் கவ்வியது. தாழம்புதரிலிருந்து அதன் ஜோடி வந்து இன்னொன்றைப் பிடித்தது. கடித்து நொறுக்கும் சத்தம் படகுவரை கேட்டது.

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியும் அவர் இன்னும் படகின் விளிம்பை விடவில்லை.

“அம்மா, மூணு வருஷம் இங்க உக்காந்து நான் என்னத்தப் படிச்சேன்?”

வடிவம்மை படகருகே வந்து, காலையிலிருந்து சுத்தம் செய்த இலந்தைப் பழத்தைத் துணியில் முடிந்து அவர் கையில் கொடுத்தாள்.

“பச்சைக் கதவைத் தட்டும்போது வெறுங்கையோட நிக்காதீங்க.”