கண்ணை மூடி நின்ற படை

மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில், செந்நாய்களிடமிருந்து குட்டிகளைக் காக்க ஒரு படை இருந்தது. கடமான்களும் காட்டுப்பன்றிகளும்தான் வீரர்கள். தளபதி கருங்குன்றன் ஒரு காட்டெருமை. அடிபட்டவர்களுக்குப் பச்சிலை வைத்துக் கட்டுவது துருவி என்ற பெண் கீரியின் வேலை.

தளபதிக்குத் தெரிந்த பயிற்சி இரண்டே இரண்டு. காலையில் மேட்டில் ஓட வேண்டும். மாலையில் கட்டை சுமக்க வேண்டும். வீரர்களின் உடம்பு நன்றாக இறுகித்தான் போயிருந்தது. ஆனால் துருவியின் வளைக்கு முன்னால் தினமும் யாராவது நொண்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"செந்நாய் கடித்ததா?" என்று கேட்பாள்.

"இல்லை. சும்மா ஓடினேன். கால் பிசகிவிட்டது."

எல்லோருக்கும் கணுக்காலில்தான் சுளுக்கு. எதிரியே வராமல் பாதிப் படை படுத்துக் கிடக்கிறதே! துருவிக்கு மண்டை குடைந்தது. அதைவிடப் பெரிய புதிர், அதே மேட்டில் தினமும் துள்ளி ஓடும் நீலி என்ற வரையாடு. குச்சி போன்ற கால்கள் அவளுக்கு. ஒருநாளும் கட்டுப் போட வந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் துருவி அவள் பின்னாலேயே போனாள். நிலையில்லாமல் ஆடும் பாறை ஒன்றின் மேல் நீலி ஏறினாள். முன்னங்கால் ஒன்றைத் தூக்கினாள். கண்களை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான்.

"என்ன செய்கிறாய்?"

"நிற்கிறேன்."

"நிற்பதும் ஒரு வேலையா?"

"ஏறித்தான் பாரேன்!"

துருவி ஏறிக் கண்ணை மூடினாள். பாறை ஒரு பக்கம் சாய, அவள் மறுபக்கம் உருண்டாள். மறுபடி ஏறினாள், மறுபடி உருண்டாள். ஏழாவது முறை பாறை சாய்ந்தபோது அவள் விரல்கள் சட்டென்று பற்றிக்கொண்டன.

"அட! நான் சொல்லாமலே கால் ஊன்றிக்கொள்கிறதே!"

"அதைத்தான் பழக்குகிறேன். தடுக்கும்போது யோசிக்க நேரம் ஏது?" என்றாள் நீலி.

துருவி தளபதியிடம் ஓடினாள்.

"சும்மா நிற்பதா பயிற்சி? போய்ப் பச்சிலையை அரை!" என்று உறுமினான் கருங்குன்றன்.

துருவி விடவில்லை. படை முழுதும் கூடிய நேரமாகப் பார்த்து, "தளபதி ஐயா, உங்களை யாராலும் கீழே தள்ள முடியாதாமே?" என்றாள்.

"முடியாது!"

"உங்களாலேயே முடியுமா?"

"என்ன உளறுகிறாய்?"

"ஒரு காலைத் தூக்கிக் கண்ணை மூடுங்கள். பத்து எண்ணுகிறேன். விழாமல் நின்றுவிட்டால் இனி நான் வாயே திறக்க மாட்டேன்."

அவள் மூன்று எண்ணுவதற்குள் அந்தப் பெரிய உடம்பு சேற்றில் சாய்ந்தது. சிரிக்க யாருக்கும் துணிவில்லை. கருங்குன்றன் கோபமாக எழுந்து மீண்டும் நின்றான். நான்கில் விழுந்தான். மீண்டும் நின்று ஐந்தில் விழுந்தான். அதற்குள் கோபம் போய்விட்டது.

"என் கால் என் பேச்சையே கேட்கவில்லையே! ஏன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

அடுத்த நாளிலிருந்து தளபதியின் கட்டளைப்படி, படை ஓடத் தொடங்கும் முன் ஒரு காலைத் தூக்கிக் கண்ணை மூடி நின்று பழகியது. முதலில் மண்ணில், பிறகு மணலில், பிறகு உருளும் கட்டையில். துருவியின் வளைக்கு வருவோர் மெல்ல மெல்லக் குறைந்தார்கள்.

மழைக்காலத்தில் ஓடையின் அக்கரையில் இரண்டு மான்குட்டிகளைச் செந்நாய்கள் வளைத்துக்கொண்டன. ஓடை முழுக்கப் பாசி பிடித்த கற்கள்.

"சுற்றிப் போனால் குட்டிகள் மிஞ்சாது. கல்மேலேயே வாருங்கள்!" என்று தளபதி முதலில் இறங்கினான்.

கரையில் துருவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடு ஓடையில் தளபதியின் முன்னங்கால் வழுக்கியது. உடம்பு சரிந்தது. 'போயிற்று!' என்று அவள் நினைப்பதற்குள் மற்ற மூன்று கால்களும் கல்லை அழுத்திக்கொண்டன. அவன் நிமிர்ந்து அடுத்த கல்லில் கால் வைத்தான். பின்னால் மொத்தப் படையும் ஒருவர்கூட விழாமல் வந்தது.

இவர்கள் தண்ணீரில் உருளுவார்கள் என்று காத்திருந்த செந்நாய்கள், கொம்புகளைக் கண்டதும் ஓட்டம் பிடித்தன. குட்டிகள் இரண்டும் கருங்குன்றனின் முதுகில் ஏறி, அதே கற்களின் வழியாகத் தாயிடம் வந்து சேர்ந்தன.

நீதி: உடம்பில் வலிமை ஏற்றினால் மட்டும் போதாது, தடுமாறும்போது நிலைத்து நிற்கவும் அதைப் பழக்க வேண்டும்.