நானூற்றி ஒன்றாவது மீட்டர்

லேத் பட்டறையில் வேலை பார்த்த பூபதி என்பவனிடம் ஒரு பழைய கார் வந்து சேர்ந்தது. அவன் பிறப்பதற்கு இருபது வருஷம் முந்தின கார். வெண்ணெய் நிறம், உருண்டை மூக்கு. ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதன் அடியிலேயே கிடந்து, எஞ்சினைப் பிரித்துத் தேய்த்துப் பூட்டி, ஓடவைத்தான்.

பக்கத்து மாவட்டத்தில், யுத்த காலத்தில் போட்டுவிட்டு அப்புறம் யாரும் சீந்தாத விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. வருஷம் ஒருமுறை அங்கே கார்ப் பந்தயம். வளைவு, திருப்பம் ஒன்றும் கிடையாது. இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் நானூறு மீட்டர். முதலில் கோட்டைத் தாண்டுகிறவனுக்கு ஜெயம். யார் வேண்டுமானாலும் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு வரலாம். அந்தக் காரிலேயே போய், ஓடி, அதிலேயே வீடு திரும்புவதுதான் வழக்கம்.

பூபதிக்கு அதில் ஒருமுறையாவது ஓடிவிட வேண்டும் என்று ஆசை. மெக்கானிக் சவரியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

அவன் மனைவி மேகலா இடுப்பில் குழந்தையோடு ஜன்னல் பக்கம் வந்தாள். "சாயங்காலம் சோறு வைக்கட்டுமா? இல்ல, அங்கயே எங்கயாச்சும் தின்னுட்டு வருவீங்களா?"

"வெச்சுரு. ஆறு மணிக்கெல்லாம் வந்துருவேன்."

இதைக் காரின் எல்லா உறுப்புகளும் கேட்டன. எஞ்சின் மட்டும் கேட்கவில்லை. அது அப்போது உறுமிக்கொண்டிருந்தது.

ஓடுதளத்தில் முதல் வேலையாகச் சோதனை நடந்தது. அதிகாரி ஒருவர் பிரேக்கை ஒரே மிதி மிதித்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று சொல்லிக் கண்ணாடியில் சீட்டு ஒட்டினார். சக்கரத்துக்குள்ளேயே அடைந்து கிடந்த பிரேக்குக்கு, பிறந்ததிலிருந்து ஒரு ஆள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதல் ஓட்டத்தில் ஒரு சிவப்புக் கார் ஐந்து கார் தூரம் முந்திப் பூபதியைத் தோற்கடித்தது. ஓரத்தில் நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்ணா, பொண்ணு மாப்பிள்ளைய மண்டபத்துல இறக்கி விட்டுட்டு வந்திருக்கலாமில்ல?"

பூபதியும் சேர்ந்து சிரித்தான். ஆனால் காது சிவந்துவிட்டது.

"என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றது எஞ்சின். "உசுரக் குடுத்து இழுத்தேன். இத்தனை பேரைச் சுமந்துக்கிட்டு எவன் ஓடுவான்? பின் சீட்டே, இங்க உனக்கு என்ன வேலை?"

"பாப்பா உக்காரும்ல" என்றது பின் சீட்டு. அதன் மடிப்புகளில் இன்னும் பிஸ்கட் தூள் இருந்தது.

"பாப்பாவா பந்தயம் ஓடுது? ஸ்டெப்னி, நீ?"

"வழியில பஞ்சர் ஆச்சுன்னா?"

"நானூறு மீட்டர்ல பஞ்சர் கடையா தேடப் போறோம்?"



எஞ்சின் சொன்னது பூபதிக்கும் கேட்டது. ஆறு மாதம் அதனோடே கிடந்தவன் அல்லவா? காரில் அதன் பாஷை ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். பின் சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, பம்பர் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாகப் போட்டான்.

அடுத்த ஓட்டத்திலும் தோல்விதான். ஆனால் இப்போது ஒரே ஒரு கார் தூரம். தோற்றவர்களுக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு, அதில் ஜெயித்தால் கடைசி ஓட்டத்துக்குப் போகலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

"யாரோ பின்னால இருந்து புடிச்சு இழுக்கறாங்க" என்றது எஞ்சின்.

எல்லா உறுப்புகளும் பிரேக்கைப் பார்த்தன. அந்தக் காலத்துப் பிரேக் அது. சக்கரத்தின் உள்வளையத்துக்கு மயிரிழை தள்ளி அதன் கட்டைகள் காத்திருக்கும். சக்கரம் சுற்றும்போது லேசாக உரசும்.

"நீ என் பக்கமா, அந்தச் சிவப்புக் கார் பக்கமா?"

"நான் பூபதி பக்கம்" என்றது பிரேக்.

"அப்ப விலகி நில்லு."

"விலகி நின்னா கூப்பிட்டதும் வர முடியாது. தூரத்துல இருந்து ஓடி வரணும்."

"உன்னை யாரு கூப்பிடறா? காலையில இருந்து ரெண்டு ஓட்டம் ஓடியாச்சு. அந்த நானூறு மீட்டருக்குள்ள ஒரு தடவையாச்சும் உன்னைக் கூப்பிட்டானா?"

பிரேக் நினைத்துப் பார்த்தது. "இல்ல."

"அப்பப் பேசாத."

பூபதி சவரியிடம் சொன்னான்: "அண்ணே, பிரேக் உரசுது. கொஞ்சம் தளத்தி விடுங்க."

சவரி ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "தளத்துனா மூணு மிதி மிதிச்சாத்தான் புடிக்கும். செக் பண்ணுனவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"அவருதான் காலையிலயே பாத்துட்டாரேண்ணே. மூணு என்ன, முப்பது மிதி மிதிக்கிறேன்."

சவரி நான்கு சக்கரத்திலும் தளர்த்தினார். பூபதி ஒற்றை விரலால் தள்ளினான், கார் உருண்டது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

மூன்றாவது ஓட்டத்தில் பூபதி ஜெயித்தான். கோட்டைத் தாண்டி, ஒரு மிதி, இரண்டு மிதி, மூன்றாவது மிதி. நிற்பதற்கென்று விட்டிருந்த இடம் முடிகிற விளிம்பில் கார் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் வாய்க்கால் மதகின் கல் சுவர்.

"முதல் மிதியில நான் பாதி வழிகூட வரல" என்றது பிரேக். "மூணாவதுலதான் வந்து சேர்ந்தேன். இதைவிட வேகமாப் போனா எனக்கு நேரம் பத்தாது. அவனை வீட்டுக்குக் கொண்டு போய் விடணும்ங்க."

"இப்ப நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு."

"அவ்வளவுதான்" என்றது எஞ்சின்.

பிரேக் பூபதியிடமே சொல்லிப் பார்த்தது. அவன் பெடலில் கால் வைத்தபோது, தொளதொளவென்று தரை வரை இறங்கிக் காட்டியது. அதற்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். பூபதி அதைக் கவனிக்கவில்லை. கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

கடைசி ஓட்டம். பக்கத்தில் அதே சிவப்புக் கார்.

பச்சை எரிந்தது. எஞ்சின் அன்றைக்கு ஓடின மாதிரி அதன் ஆயுசில் ஓடினதில்லை. முந்நூறு மீட்டரில் சிவப்புக் கார் பக்கவாட்டில் இருந்தது. முந்நூற்றைம்பதில் பின்னால் போனது. பூபதி கோட்டைத் தாண்டியபோது அது ஒரு முழுக் கார் தூரம் பின்தங்கியிருந்தது.

அவன் மிதித்தான். பிரேக் ஓடிவரத் தொடங்கியது. மறுபடி மிதித்தான். இன்னும் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது மிதியில் வந்து சேர்ந்து உள்வளையத்தை இறுகக் கட்டிக்கொண்டது, புகைந்தது, விடவில்லை. அதற்குள் நிற்கிற இடம் முடிந்திருந்தது. கார் பக்கவாட்டில் திரும்பி, ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவோடு போய் மதகுச் சுவரில் மோதியது.

மூன்று பேர் சேர்ந்து பூபதியை வெளியே எடுத்தார்கள். கட்டாந்தரையில் போட மனசு வராமல், பாரம் என்று கழற்றி வைத்த பின் சீட்டை இழுத்து வந்து அதில் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் வேகமாகத்தான் வந்தது. அதற்குள் அவனுக்கு அது தேவைப்படாமல் போயிருந்தது.

மேகலா ஆறு மணிக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சொல்ல ஒரு ஆள் அதற்கு அப்புறம்தான் கிளம்பினான்.

காரை எடைக்குப் போட்டார்கள். கதவு, கூரை, பிரேக் எல்லாம் ஒரே குவியலாகப் போயின. எஞ்சினுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த வருஷப் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவன் அதை வாங்கிப் போய், தன் நீல நிறப் பழைய காரில் பூட்டினான்.

புது எஞ்சின் வந்ததில் நீலக் காரின் உறுப்புகளுக்கு ஒரே சந்தோஷம். சுற்றி நின்று விசாரித்தன.

"முன்னால ஓட்டுனவர் எப்படி?" என்று கேட்டது அந்தக் காரின் பிரேக்.

"தங்கமான பையன்" என்றது எஞ்சின். "நான் சொன்னதெல்லாம் கேட்டான். கடைசி ஓட்டத்துல நாங்கதான் ஜெயிச்சோம்."

"அப்புறம்?"

எஞ்சின் யோசித்தது. நிஜமாகவே யோசித்தது.

"ஜெயிச்சதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"