மூடியிட்ட பானை

நெய்தலூரை ஆண்ட சுந்தரவழுதி மன்னனுக்கு அரண்மனைச் சமையல் அலுத்துப்போயிற்று. ஆகவே, பௌர்ணமிதோறும் தன் தோழர் மூவரோடு நகரத்து உணவுச்சாலை ஒன்றுக்குச் சென்று உண்பதை வழக்கமாக்கிக்கொண்டான். எந்தச் சாலைக்குச் செல்வது என்பதை நால்வரும் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். அரசன் தேர்ந்தால் பாயசம் இராது; தளவாய் இரட்டைமலையார் தேர்ந்தால் காரம் தூக்கலாக இருக்கும்; பிரதானி வல்லபராயர் தேர்ந்தால் ஏதேனும் சூழ்ச்சி இருக்கும்.

அந்த மாதம் வல்லபராயரின் முறை. அவர் துறைமுகத்தருகே இருந்த மீன்சோற்றுக் கடையைத் தேர்ந்தார். அங்கே ரசத்தில்கூட இறால் மிதக்கும்.

மூன்றாவது தோழன் கூத்தபிரானுக்கு இறால் ஆகாது. முன்பொரு முறை தெரியாமல் ஒரு துண்டை விழுங்கி, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, அரண்மனை வைத்தியரின் தயவால் உயிர் பிழைத்தவன் அவன். எனவே அன்று வெற்றிலையை மட்டும் மென்றுகொண்டு அமர்ந்திருந்தான்.

"பாருங்கள் அரசே! இவர் நாக்கு முழ நீளம், தொண்டையோ ஊசித்துளை!" என்றார் வல்லபராயர். "நாம் உண்பதை உண்ணாதவர் நம்மோடு எதற்கு? இது நோயன்று, நடிப்பு!"

"பிரதானியாரே, வீங்கிய என் முகத்தை நீங்களும் பார்த்தீர்களே?"

"உம் முகம் எப்போதும் அப்படித்தானே ஐயா?"

தளவாய் சிரித்துவிட்டார். ஒவ்வொரு விருந்திலும் இதே வழக்கைக் கேட்டுச் சலித்திருந்த அரசன் எரிச்சலோடு கையை உயர்த்தினான்.

"போதும்! அடுத்த பௌர்ணமி முதல், இலையில் விழுந்ததை மறுக்காமல் உண்பவனுக்கே என் பந்தியில் இடம். மறுப்பவன் பந்தியை மட்டுமன்று, அவையிலுள்ள இருக்கையையும் இழப்பான்."

அவையில் அரசனுக்கு வலப்புறம் இருந்த கூத்தபிரானின் இருக்கையின்மேல் வல்லபராயருக்கு வெகுநாளாகவே ஒரு கண். அவர் மீசை துடித்தது.

கூத்தபிரான் நிலைமையை எண்ணிப் பார்த்தான். இறாலை உண்டால் உயிர் போகும். உண்ணாவிட்டால் பிழைப்புப் போகும். ஆயினும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அரசே, இக்கட்டளை அனைவருக்கும் பொதுவா?" என்று கேட்டான்.

"அனைவருக்கும்தான்! ஒருவருக்கும் விலக்கில்லை!" என்று அரசனை முந்திக்கொண்டு வல்லபராயரே சொன்னார். அரசனும் தலையசைத்தான்.

"நல்லது. அடுத்த முறை அடியேனுடையது" என்றான் கூத்தபிரான். "உம் பந்தியிலும் இறால் இருக்கவேண்டும்!" என்றார் வல்லபராயர்.

பௌர்ணமி வந்தது. கோட்டைவாசலருகே இருந்த சிறிய உணவுச்சாலை ஒன்றில் நான்கு இலைகள் விரிக்கப்பட்டன. மூலையில் மூடியிட்ட பெரிய பானை ஒன்று ஆவி கக்கிக்கொண்டிருந்தது. வல்லபராயர் அதை ஓரக்கண்ணால் பார்த்து மகிழ்ந்தார்.

முதலில் எண்ணெய்க் கத்தரிக்காய் வந்தது. வல்லபராயரின் மகிழ்ச்சி அந்தக் கணமே வடிந்தது. அடுத்து ஆளுக்கு இரண்டு அவித்த முட்டைகள் வந்தன. பத்துப் போர்களில் பின்வாங்காத தளவாய் சற்றே பின்னால் நகர்ந்தார். பிறகு கிண்ணம் வழியப் பால்பாயசம் வந்தது. அரசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை. கூத்தபிரான் மட்டும் மூன்றையும் சுவைத்து உண்டு, கிண்ணத்தையும் வழித்துவிட்டு நிமிர்ந்தான்.

"எனக்கு இன்று பசியில்லை" என்றார் தளவாய்.

"எனக்கு நோன்பு" என்றார் வல்லபராயர்.

"பௌர்ணமியன்று விருந்துக்கு வந்து அமர்ந்தபின்பா நோன்பு நினைவுக்கு வந்தது, பிரதானியாரே?" என்றான் கூத்தபிரான்.

அரசன் பேச்சை மாற்ற விரும்பினான். "அது இருக்கட்டும். உன் இறால் எங்கே?"

"அந்தப் பானையைத்தான் எல்லாரும் பார்க்கிறீர்களே, அரசே! கடைசிப் பதார்த்தம் கடைசியில்தானே வரவேண்டும்? மற்ற மூன்று இலைகளும் காலியானதும் பானையைத் திறக்கலாம் என்று சமையற்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அடியேன் ஆயத்தமாகக் காத்திருக்கிறேன். தாங்கள் தொடங்குங்கள்."

அரசன் பாயசத்தைப் பார்த்தான். அவன் வயிறு, உண்பதற்கு முன்பே ஒரு முறை உறுமியது. மறுகணம் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அகப்பட்டுக்கொண்டோம், தளவாயே! கூத்தபிரான், பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை அரசிகூட அறியாள். உனக்கு எப்படித் தெரிந்தது?"

"இறாலுக்கு அஞ்சி நான் ஒவ்வொரு பந்தியிலும் இலையையே கவனிப்பவன், அரசே. என் இலையைப் பார்த்த கண் பக்கத்து இலைகளையும் பார்த்துவிட்டது. தாங்கள் பாயசத்தைக் கை கழுவும் செம்பில் ஊற்றுவீர்கள். தளவாய் முட்டையைத் தலைப்பாகை முனையில் முடிந்துகொள்வார். தின்றால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். பிரதானியார் கத்தரிக்காயைக் கறிவேப்பிலைக்கு அடியில் புதைப்பார்; தின்றால் அவருக்கு நாக்கு அரிக்கும். நீங்கள் மறைத்தீர்கள், நான் சொன்னேன். வேற்றுமை அவ்வளவே."

வல்லபராயர் மேற்கூரையை ஆராயத் தொடங்கினார்.

"என் கட்டளையை நானே திரும்பப் பெறுகிறேன்" என்றான் அரசன். "இனி உணவுச்சாலையைத் தேர்பவர், யாருக்கு எது ஆகாது என்று முதலில் கேட்டறிந்து, பிறகே தேரவேண்டும். கூத்தபிரான், உன் இருக்கை உனக்கே. அதோடு இதையும் வைத்துக்கொள்." தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் அணிவித்தான். "ஆனால் இப்போது பசிக்கிறதே!"

கூத்தபிரான் கைதட்டினான். உள்ளிருந்து சூடான இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கோழிக்குழம்பும் வந்தன. நால்வருக்கும் ஒத்துக்கொள்ளும் உணவு. எல்லாரும் வயிறார உண்டார்கள். எவரும் எதையும் எங்கும் மறைக்கவில்லை.

இலைகள் காலியான பிறகும் வல்லபராயரின் பார்வை மூலையிலேயே இருந்தது. பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஒன்று சொல்லும். நாங்கள் மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு உண்டிருந்தால், அந்த இறாலை நீர் உண்மையாகவே தின்றிருப்பீரா?"

"இறால் வெந்த பானை இருக்கும் வீட்டுக்குள்ளேயே நான் நுழையமாட்டேன், பிரதானியாரே" என்று சொல்லி எழுந்த கூத்தபிரான், பானையின் மூடியைத் திறந்தான்.

"வாருங்கள், எல்லாரும் கை கழுவலாம். வெந்நீர் பதமாக இருக்கிறது."