ஓட்டைக்குளத்தார் படையை விரட்டிய கதை

ஓட்டைக்குளத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது அபாண்டம். மூளை உண்டு. தேய்ந்துவிடக் கூடாதே என்று எடுக்காமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படிப் பத்திரமாக வைத்திருந்தவர்களில் நான்கு பேரைப் பற்றித்தான் இந்தக் கதை. இசக்கியப்பன் வயதில் மூத்தவன், ஆகவே தலைவன். சங்கிலி ஒருமுறை மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன், ஆகவே படித்தவன். மாடசாமி பலசாலி. குட்டியாண்டிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

நான்கு பேருக்கும் உடம்பில் வட்டவட்டமாகத் தடிப்பு, ஓரமெல்லாம் சிவப்பு, ஓயாத அரிப்பு. வருஷக்கணக்காக இருந்தது. கடைக் களிம்பு ஒன்றுக்கும் அது மசியவில்லை. மற்ற மூவரும் அதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். குட்டியாண்டியால் முடியவில்லை. காரணம், அவனுடைய மாமன் மகள் பூரணம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அத்தான், ஒரு கையால சொறிஞ்சுக்கிட்டு ஒரு கையால தாலி கட்டினா முடிச்சு நிக்காது. வைகாசிப் பௌர்ணமிக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்து பாப்பேன். குணமாகியிருந்தா உங்களைக் கட்டிக்கிடுதேன். இல்லைன்னா உரக்கடைக்காரர் மகனுக்குக் கழுத்தை நீட்டிருவேன்."

பூரணத்தை நினைத்தால் குட்டியாண்டிக்குச் சோறு இறங்காது. உரக்கடைக்காரர் மகனை நினைத்தால் தண்ணீரும் இறங்காது. பாவம், நிஜமாகவே அவள்மேல் உயிரை வைத்திருந்தான்.

மலையடிவாரத்தில் வடிவம்மாள் என்ற வைத்தியச்சியின் தோப்பு இருந்தது. தோல் வியாதிக்காரர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்குவார்கள். கூடித் தோட்டம் கொத்துவார்கள், கூடிச் சமைப்பார்கள். கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், தேன்கூட உள்ளே வராது. நிறையப் பேர் குணமாகிப் போயிருக்கிறார்கள். வடிவம்மாளுக்குக் கைராசி அதிகம், பொறுமை குறைவு. நம்மவர்கள் நால்வரும் அங்கே போய் வரிசையாகச் சட்டையைக் கழற்றி நின்றார்கள்.

"இது படைய்யா" என்றாள் வடிவம்மாள்.

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "யாரோட படை அம்மா?" என்று கேட்டான் இசக்கியப்பன்.

"உங்க படைதான்."

"எங்களுக்கு ஏது படை? நாங்க நாலு பேருதான் இருக்கோம்."

"ஏய்யா, எங்கெங்க இருக்குன்னு சொல்லு."

"அக்குள்ல, இடுப்புல, முதுகுல."

"அங்கதான் இருக்கும். ஈரம் கண்ட இடத்துல தங்கிப் பெருகும். இப்பவே விரட்டலைன்னா உடம்பு பூராவையும் பிடிச்சிரும்."

இசக்கியப்பனின் முகம் கறுத்துவிட்டது. எதிரி கோட்டைக்குள்ளேயே கூடாரம் போட்டுவிட்டான் என்பது இவ்வளவு நாளும் தெரியாமல் போயிற்றே என்று வருந்தினான். மாடசாமி கையைத் தூக்கித் தன் அக்குளை உற்றுப் பார்த்து, "குதிரை ஒண்ணும் தெரியலையே அண்ணாச்சி" என்றான்.

வடிவம்மாள் அதைக் காதில் வாங்காமல் மருந்தைச் சொன்னாள். சீமையகத்தி இலையை எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைக்க வேண்டும். காலையும் மாலையும் பூச வேண்டும். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. எவனாவது தன் கையால தன் உடம்பைச் சொறிஞ்சீங்க, கையை ஒடிச்சிருவேன்" என்றாள்.

அன்று முதல் நால்வரும் மாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு அடுத்தவன் முதுகைச் சொறிந்தார்கள். யாரும் தன் உடம்பைத் தொடவில்லை. தோப்பில் இருந்தவர்கள் அதை ஏதோ புது யோகாசனம் என்று நினைத்தார்கள். இரண்டொருவர் தங்களையும் வட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள்.

"ஏலே மாடசாமி, எனக்கு இடுப்புல அரிக்கு. நீ முதுகைச் சொறியுத" என்றான் சங்கிலி.

"எனக்கு முதுகு அரிக்கே. அப்ப முதுகைத்தானல சொறியணும்?"

இசக்கியப்பன் யோசித்துத் தீர்ப்புச் சொன்னான். அரிப்பு எடுத்தவன் அந்த இடத்தை அடுத்தவன் உடம்பில் சொறிந்து காட்ட வேண்டும், அவன் அதற்கடுத்தவன் உடம்பில் காட்ட வேண்டும், அப்படியே சுற்றி வந்துவிடும். தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அது சுற்றி வருவதற்குள் அரிப்பு வேறு இடத்துக்குப் போயிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அடுத்த சங்கடம் வந்தது. வடிவம்மாள் பந்தியில் நின்று புதிதாக வந்தவர்களுக்கு முறையைச் சொன்னாள். "உயிருள்ளது எது குடுத்தாலும் இங்க சாப்பிடக் கூடாது. மாடு குடுக்கிற பால் ஆகாது, கோழி குடுக்கிற முட்டை ஆகாது." சொல்லிவிட்டுச் சோற்றை அள்ளி இலையில் வைக்க வந்தாள். சங்கிலி இலையைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு உயிர் இருக்கா?"

"உயிர் இருக்கப்போய்த்தான உங்ககிட்ட மாட்டிக்கிட்டு நிக்கேன்."

"அப்ப நீங்க குடுக்கிறதை நாங்க சாப்பிட முடியாது."

மறுநாளும் பட்டினிதான். கடைசியில் வடிவம்மாளே ஒரு வழி கண்டாள். சோற்றுச் சட்டியைப் பாறைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவாள். பாறைக்கு உயிர் இல்லை. ஆகவே பாறை கொடுத்த சோற்றை நால்வரும் கும்பிட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருநாள் மட்டும் சட்டி அப்படியே திரும்பி வந்தது. என்ன சோறு என்று கேட்டிருக்கிறார்கள், குதிரைவாலி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வாலை அறுத்தா குதிரை எப்படிம்மா ஈ ஓட்டும்?" என்று கண்கலங்கினான் மாடசாமி.

வடிவம்மாள் அரிசியைக் கை நிறைய அள்ளி வந்து காட்டினாள். மாடசாமி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "குதிரை ரொம்பக் குட்டி போல" என்று இன்னும் அதிகமாக அழுதான்.

இதற்கிடையில் மருந்தை மட்டும் அவர்கள் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. காலையும் மாலையும் பூசச் சொன்னதைப் பற்றி முதல் நாளே கூடிப் பேசியிருந்தார்கள்.

"படை அக்குள்ல இருக்கு. காலை எதுக்குப் பூசச் சொல்லுதாங்க?" என்றான் குட்டியாண்டி.

"படை எதுல வரும்? நடந்துதான வரும். காலுல பூசி வழியை அடைச்சிட்டா பின்னாடி வாற படை ஏற முடியாது" என்றான் சங்கிலி. படித்தவன் படித்தவன்தான் என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"அப்ப மாலை?"

"ஜெயிச்சவனுக்கு மாலை போட வேண்டாமால? அதை இப்பவே தயார் பண்ணச் சொல்லுதாங்க."

ஆகவே மாடசாமி நாள்தோறும் சந்தைக்கு ஓடி ஒரு ரோஜா மாலை வாங்கி வந்தான். நால்வரும் முழங்காலுக்குக் கீழே ஒருவருக்கொருவர் மருந்தைப் பூசிக்கொண்டு, மிச்சத்தை மாலைக்குப் பூசி மாமரத்தில் தொங்கவிட்டார்கள். பூக்காரம்மாள் இப்படி ஓயாமல் கல்யாணம் நடக்கிற வீடு எது என்று ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பௌர்ணமிக்கு முதல்நாள் வடிவம்மாள் நால்வரையும் கூப்பிட்டுப் பார்த்தாள். கால்கள் பளபளவென்று இருந்தன. அக்குளிலும் இடுப்பிலும் படை முன்னைவிட அகலமாகப் படர்ந்திருந்தது. நிமிர்ந்தபோது மாமரத்து மாலைகள் கண்ணில் பட்டன. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காலைன்னா விடியக்காலைய்யா. மாலைன்னா சாயங்காலம்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா அம்மா. பூ வாங்க நடந்தே எனக்குக் கால் ஓஞ்சுபோச்சு" என்றான் மாடசாமி.

இனிமேல் ஒழுங்காகப் பூசினாலும் குணமாக ஆடி கழிந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். குட்டியாண்டி விசும்பி விசும்பி அழுதான். விடிந்தால் பூரணம் வந்துவிடுவாள். உரக்கடைக்காரர் மகன் இந்நேரம் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. தன் கை தன் உடம்பில் படக் கூடாது அல்லவா, அதனால் கண்ணீரை மாடசாமிதான் துடைத்துவிட்டான்.

அப்போதுதான் இசக்கியப்பனுக்கு ஒரு பழமொழி ஞாபகம் வந்தது.

"ஏலே, பாம்பு என்றால் படையும் நடுங்கும்னு சொல்லுவாங்கள்லா?"

நால்வரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இவ்வளவு சுலபமான வைத்தியம் கையில் இருக்க, இலை அரைத்துக் காலத்தைப் போக்கிவிட்டோமே என்று வருந்தினார்கள்.

"புத்துல கையை விட்டு ஒரு பாம்பைப் பிடிச்சிட்டு வாரேன்" என்று கிளம்பினான் மாடசாமி.

"பொறு. பாம்பு உயிருள்ளது. அது ஏதாவது குடுத்தா வாங்கக் கூடாது" என்றான் இசக்கியப்பன்.

"பாம்பு என்ன அண்ணாச்சி குடுக்கும்?"

"கடி குடுக்கும்லா."

"அதைச் சாப்பிடவா போறோம்?"

"சாப்பிடாட்டாலும் வாங்குறது தப்புதானல."

சங்கிலி கண்ணை மூடிப் பழமொழியை மெல்ல மெல்லச் சொல்லிப் பார்த்தான். "பாம்பைக் கொண்டுவரணும்னு அதுல எங்க இருக்கு? பாம்பு 'என்றால்' படை நடுங்கும். வாயால சொன்னாப் போதும்." மற்ற மூவரும் அவனைத் தழுவிக்கொண்டார்கள். குட்டியாண்டி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.

விடிந்ததும் பூரணம் அப்பா சடையப்பனோடு வந்து சேர்ந்தாள். தோப்பில் இருந்த அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான் குட்டியாண்டி. பானகம் வந்தது. பூரணம் அதைக் குடித்துக்கொண்டே அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க வலது அக்குளில் படை கிளம்பியது.

குட்டியாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, "பாம்பு" என்று மெதுவாகச் சொன்னான். படைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, அரிப்பு கூடியது. கொஞ்சம் உரக்கச் சொன்னான். அப்போதும் அடங்கவில்லை. உரக்கடைக்காரர் மகன் நினைவுக்கு வந்தான். குட்டியாண்டி மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, "பாம்பு பாம்பு பாம்பு" என்று அலறினான்.

தோப்பு காலியாகிவிட்டது. சடையப்பன் வேப்பமரத்தில் ஏறிவிட்டார். வடிவம்மாள் ஆட்டுரல்மேல் நின்றாள். இசக்கியப்பனும் சங்கிலியும் மாடசாமியும் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்கள், யாரோ பாம்பு என்று கத்தினார்கள் அல்லவா.

பூரணம் மட்டும் ஓடவில்லை. ஒரு கம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"எங்க அத்தான் பாம்பு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது. "பாம்பு இல்ல பூரணம். எனக்கு இன்னும் குணமாகல, படை இருக்கு. பாம்பு என்றால் படையும் நடுங்கும்லா, அதான் சொன்னேன்."

"நடுங்கிச்சா?"

"எல்லாரும் ஓடிட்டாங்க. அது மட்டும் அசையல."

பூரணம் கம்பைக் கீழே போட்டாள். குட்டியாண்டி எல்லாம் போயிற்று என்று தலையைத் தொங்கப்போட்டான்.

"என்ன பாம்புன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல. பொதுவாத்தான் சொன்னேன்."

"பொதுவாச் சொன்னா எந்தப் படை நடுங்கும்? பேரு சொல்ல வேண்டாமா? கையைத் தூக்குங்க."

குட்டியாண்டி கையைத் தூக்கினான். பூரணம் குனிந்து, அக்குளுக்கு நேராக வாயை வைத்து, கண்டிப்பான குரலில், "நல்லபாம்பு" என்றாள். அவள் மூச்சு பட்டுக் குட்டியாண்டிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"லேசா நடுங்குது பூரணம்" என்றான்.

"பாத்தீங்களா? உங்களைத் தனியா விட்டா சரிப்படாது. ஆவணியிலயே கல்யாணத்தை வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து, "கட்டுவிரியன்" என்றாள்.

வேப்பமரத்து உச்சியிலிருந்து சடையப்பன் குரல் கொடுத்தார். "ஏ புள்ள, இறங்கலாமா?"

"அவசரப்படாதீங்கப்பா. இப்பத்தான் ரெண்டு பாம்பு ஆயிருக்கு. சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு எல்லாம் இனிமேதான் வரணும்."

சடையப்பன் இன்னொரு கிளை மேலே ஏறினார்.