ஒரு கட்டிலுக்கான மரம்

"இதைவிட நல்ல மரம் இதே விலைக்கு எங்க கிடைக்கும் டீச்சர்?" என்று கேட்டார் தவசிமுத்து.

இசபெல் தலையை நிமிர்த்தவில்லை. இழைப்புளியை நீளமாக ஒரு தள்ளுத் தள்ளினாள். மரச்சுருள் ஒன்று அவிழ்ந்து அவர் செருப்பின் மேல் விழுந்தது.

"போன லாட் மரம் என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"பாதி கிடக்கு."

"அதுக்கு முந்தினது?"

"அதுலயும் கிடக்கு."

இசபெல் அவரைவிட வயதில் மிகவும் இளையவள். ஒரு காலத்தில் வலைக் கிடங்காக இருந்த கொட்டகையில், வீட்டுக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் மரவேலை சொல்லிக்கொடுத்தாள். நரைத்த தலைகளும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டன.

தவசிமுத்து உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிடித்தால் விடமாட்டார்.

அவர் பிடித்தது ஒரு கட்டிலை.

அவர் மனைவி ராஜகனிக்கு இடுப்பெலும்பு ஒடிந்து தகடு வைத்திருந்தார்கள். வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தால் அவளால் தானாக எழ முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்துப் பார்த்தார். ஆடியது. அவள் பயந்தாள்.

"நானே ஒண்ணு செய்யுதேன்" என்றார்.

துறைமுகத்துக்குப் பின்னால், இயந்திரங்கள் வந்து இறங்கிய பெட்டிகளைப் பிரித்துப் பலகைகளைக் குவித்திருப்பார்கள். பைன் மரம். நல்ல மலிவு. ஆனால் லாட்டாகத்தான் எடுக்க வேண்டும், பொறுக்க விடமாட்டார்கள். தவசிமுத்து ஒரு மினி லாரி நிறைய ஏற்றி வந்து முற்றத்தில் இறக்கினார்.

குவியலைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தெம்பு வந்தது. தப்பாக அறுத்தாலும் இன்னொன்று இருக்கிறது.

முதல் கட்டில் ஆடியது. ஒரு காலைக் கொஞ்சம் அறுத்தார். வேறு பக்கம் ஆடியது. அந்தப் பக்கத்துக் காலையும் அறுத்தார். அறுத்து அறுத்து ஒருவழியாக ஆட்டம் நின்றபோது ராஜகனி வந்து எட்டிப் பார்த்தாள்.

"மணை நல்லா வந்திருக்கு. உக்காந்து காய் நறுக்கலாம்."

இரண்டாவது ஆடவில்லை. அவள் உட்கார்ந்தாள். எழ முடியவில்லை. சட்டம் தொய்ந்துவிட்டது, மரம் சரியில்லை என்று சொல்லி அதைப் பிரித்துப் போட்டார். இன்னொரு லாட் எடுத்தார்.

மூன்றாவதிலும் அதே கதை.

"மரந்தான் டீச்சர் காரணம்" என்றார் இப்போது. "பெட்டி மரம் பெட்டி மரந்தான?"

இசபெல் தான் இழைத்துக்கொண்டிருந்த பலகையை அவரிடம் நீட்டினாள். வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது. அவர் முகர்ந்து பார்த்தார்.

"பைன்."

"நீங்க லாட் எடுத்தியளே, அதுக்குப் பக்கத்துக் குவியல்."

தவசிமுத்து பலகையைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப என் கைதான் சரியில்ல."

"கை நல்லாத்தான் இருக்கு."

"பெறகு என்னதான் குறை? வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

"சொன்னாச் செய்வீங்களா?"

"செய்வேன்."

"என்னன்னு கேக்கறதுக்கு முந்தியே செய்வேங்கியளே."

"செய்வேன்னா செய்வேன்."

"ஒரு கட்டிலுக்கு என்ன மரம் வேணுமோ அத மட்டும் எடுத்து வைங்க. மிச்சத்தத் தெருவுக்குக் குடுத்துருங்க."

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு அறுப்புத் தப்பிப்போச்சுன்னா?"

"கட்டில் இல்ல."

"இன்னொரு லாட்..."

"எடுக்கக் கூடாது."

அவள் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை இழைக்க ஆரம்பித்தாள்.

*

மறுநாள் தவசிமுத்து குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு பலகையாகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்தார். கணு இருந்ததைத் தள்ளினார். முறுக்கியதைத் தள்ளினார். இத்தனை நாளும் கைக்கு எட்டியதை எடுத்து அறுத்தவருக்கு, நான்கு கால் தேர்ந்தெடுக்க மத்தியானம் வரைக்கும் ஆனது.

பிறகு சட்டங்கள். பிறகு மேலே பரப்புகிற பலகைகள். எல்லாவற்றையும் சுவரோரம் சாத்திவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பிச்சம்மா! ஆட்டுக்கொட்டிலுக்குப் பலகை கேட்டியே. வந்து எடுத்துக்கோ."

"எவ்வளவு எடுக்கலாம் அண்ணாச்சி?"

"உன் ஆட்டுக்கு மாடி வீடு கட்டு போ."

தெருவே வந்தது. கோழிக்கூண்டுக்கு ஒருவர், பரணுக்கு ஒருவர். "என்ன அண்ணாச்சி, வீட்டக் காலி பண்ணுதீயளோ?" என்றார் ஒருவர். இன்னொருவர் சுவரோரம் இருந்த பலகையில் கை வைத்தார்.

"அத வையும்!"

தவசிமுத்து போட்ட சத்தத்தில் பிச்சம்மா தலையில் இருந்த கட்டே ஒரு குலுங்குக் குலுங்கியது.

ராஜகனி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கிறுக்கு உங்களுக்கா, உங்க டீச்சருக்கா?"

"தெரியல. செஞ்சு முடிச்சாத் தெரியும்."

சாயங்காலம் முற்றத்தில் தரை தெரிந்தது. சுவரோரம் சாத்தியிருந்த மரம் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

*

மறுநாள் காலையில் கட்டிலின் முதல் காலுக்கான மரத்தை எடுத்து வைத்தார். கட்டில் செய்வது எப்படி என்று போனில் பார்த்த வீடியோவில் சொன்ன உயரத்துக்கு, எப்போதும் போல, பென்சில் கோடு போட்டார். ரம்பத்தைக் கோட்டின் மேல் வைத்தார்.

கை இழுக்கவில்லை.

ரம்பத்தை வைத்துவிட்டு மறுபடி அளந்தார். சரியாக இருந்தது.

இன்னொரு தடவை அளந்தார். சரியாகத்தான் இருந்தது.

எதற்குச் சரி?

தவசிமுத்து மேலே பரப்ப வைத்திருந்த பலகைகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனார். பழைய கட்டிலின் மெத்தையைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினார். பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில் விளிம்பில் அடுக்கினார்.

"ஏட்டி, இங்க வா. இதுல உக்காரு."

"எதுக்கு?"

"உக்காரேன்."

அவள் உட்கார்ந்தாள்.

"எந்திரி."

"எங்க எந்திரிக்க?" வாக்கரைப் பிடித்து முயன்றாள். இடுப்பு பாதி எழும்பித் திரும்ப விழுந்தது. அவர் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு இன்னொரு பலகை வைத்தார்.

"இப்ப?"

முடியவில்லை. இன்னொன்று வைத்தார். அவள் உட்கார்ந்து கீழே பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வைங்க."

வைத்தார்.

"கால் தொங்குது. ஒண்ண எடுங்க."

எடுத்தார். அவள் உட்கார்ந்தாள். குதிகாலைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு வாக்கரின் மேல் சாய்ந்தாள். இடுப்பு பலகையை விட்டது. பாதியில் நின்றது. நின்று, மேலே போனது.

பழக்கத்தில் அவர் கை நீண்டது.

"கைய எடுங்க" என்றாள் ராஜகனி.