சிலிண்டருக்குள் ஒரு ‘கோ’

“ஒருத்தரை நம்பலாமா கூடாதான்னு எப்படித் தாயி கண்டுபிடிக்கிறது?”

கேட்டவர் மரம் அறுக்கிற கோமதிநாயகம். ஐம்பது வயசு. மடியில் மரம் அறுக்கிற செயின்சா மெஷினின் சிலிண்டரும் பிஸ்டனும். கிளை விழுந்து சிலிண்டர் மண்டையில் விரிசல்.

வெல்டிங் பட்டறை முப்பிடாதி அவரைவிட இருபது வயசு இளையவள். ஆனாலும் செங்கோட்டையில் அலுமினியம் பத்தவைக்கிற பாதிப் பேர் அவளிடம் பழகினவர்கள். வாத்தியாரம்மா என்றுதான் பேர்.

“சிலிண்டரைக் கொடுங்க அண்ணாச்சி” என்றாள். பதில் அவ்வளவுதான்.

அவர் கொடுக்கவில்லை.

“போன வருசம் ஒருத்தன் நல்லதை எடுத்துக்கிட்டு ஓட்டையை மாட்டித் தந்துட்டான். நாளைக்கு விடிஞ்சா தோப்புல எட்டு மரம் அறுக்கணும். என்கிட்ட இருக்கிறது இந்த ஒரு மெஷின்.”

“அப்போ கூடவே உக்காருங்க.”

கறுப்புக் கண்ணாடி முகமூடியை நீட்டினாள். போட்டுப் பார்த்தார். ஒரே இருட்டு.

“ஒண்ணும் தெரியலையே?”

“தீ பிடிச்சா தெரியும்.”

“அதுக்குள்ள மாத்திட்டா?”

“போடாட்டி கண்ணு போயிரும். அப்புறம் எதை மாத்தினாலும் தெரியாது.”

போட்டுக்கொண்டார். ஒரு கையால் மட்டும் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார்.

தீ எரிந்து அடங்கியது. சூடு ஆறியதும் சிலிண்டரைப் பறிக்காத குறையாக வாங்கி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். முகம் மலர்ந்தது.

“என்னுதுதான்.”

“எப்படித் தெரியும்?”

“வர்றதுக்கு முன்னாடியே செயின் தீட்டுற அரத்து முனையால உள்ள ஒரு ‘கோ’ கீறி வச்சேன். நல்லா அழுத்தி. வெளியில போட்டா பாத்துருவாவல்லா.”

முப்பிடாதி சிரிக்கவில்லை. பிஸ்டனை உள்ளே செருகினாள். கசிவு பார்க்க, மேலே பிளக் மாட்டுகிற ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றினாள்.

“பத்தவச்ச இடம் கசியுதா?” என்று கேட்டாள்.

“பொட்டுத் துளி இல்ல.”

பிஸ்டனுக்குக் கீழே ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு நூல் பிடித்தாற்போல் ஒழுகியது.

குனிந்து பார்த்தார். ‘கோ’ போட்ட பக்கம்.

“அது பிஸ்டன் ஓடுற சுவரு” என்றாள். “அதுல கீறல் விழுந்தா காத்து நிக்காது. மெஷின் இழுக்காது.”

அவர் அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இதையும் பத்தவச்சிரு தாயி.”

“அங்க தீ வைக்கக் கூடாது. சுவரு நெளிஞ்சிரும்.”

“அப்ப நாளைக்கு?”

முப்பிடாதி சிலிண்டரைத் துணியால் துடைத்தாள். இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

“இனி பயப்படாதீங்க அண்ணாச்சி. இதை யாரும் மாத்த மாட்டாவ.”