ஒம்பது தள்ளு, ரெண்டு தட்டு

நெல்சனுக்கு நாப்பது வயசு தாண்டியாச்சு. அவருக்கு வாச்ச குருவுக்கு இன்னும் முப்பது ஆகல. பேரு அஸ்மா. பொறந்ததுல இருந்தே கண்ணு தெரியாது.

மதுரையில ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதோட வெப்சைட்டைப் பார்வை இல்லாத நோயாளிகளும் பயன்படுத்தற மாதிரி மாத்தணும்னு அஸ்மாவை வேலைக்கு எடுத்திருந்தாங்க. நெல்சன் ப்ரோக்ராம் எழுதறவரு. அஸ்மா சொல்லச் சொல்ல இவரு மாத்தணும்.

முதல் நாள் அஸ்மா போன்ல டயாலிசிஸ் பதிவுப் பக்கத்தைத் திறந்து, விரலால ஒவ்வொண்ணா தள்ளினாங்க. ஒரு தள்ளுக்கு ஒரு பட்டன்னு போன் சத்தமா வாசிச்சுது; ரெண்டு தட்டு தட்டினா அந்தப் பட்டனை அழுத்தின மாதிரி.

"பட்டன். பட்டன். பட்டன்."

நெல்சன் முழிச்சாரு. "அவ்வளவுதானா மேடம்? எந்தப் பட்டன் எதுக்குன்னு சொல்லாதா?"

"நீங்க பேரு வச்சிருந்தாத்தானே சொல்லும்?"

"அப்போ பார்வை இல்லாதவங்கல்லாம் எப்படிப் பதியறாங்க?"

அஸ்மா கோதண்டத்துக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாங்க. கோதண்டம் பஸ் ஸ்டாண்டுல செல்போன் கவர் விக்கிறவரு. கண்ணு போயி ரொம்ப நாளாச்சு, இப்போ கிட்னியும் போச்சு.

"அண்ணே, வாராவாரம் டயாலிசிஸுக்கு எப்படிப் பதியறீங்க?"

"இது என்ன பெரிய வித்தையா? ஒம்பது தள்ளு, ரெண்டு தட்டு. ஒரு கேள்வி வரும், மறுபடி ரெண்டு தட்டு. முடிஞ்சுது. வார்டுல கண்ணு தெரியாத பாதிப் பேருக்கு நான்தாம்மா வாத்தியார். பீஸ் ஒரு டீ."

நெல்சன் குறுக்க பூந்தாரு. "போன் என்ன சொல்லுதுன்னு கேக்கவே மாட்டீங்களா சார்?"

"மூணு வருஷமா பட்டன் பட்டன்னுதான் கத்துது. அதை எதுக்குய்யா கேக்கணும்? அந்தப் பக்கம் வந்தாலே சத்தத்தைக் குறைச்சிருவேன்."

அன்னிக்குப் பூரா நெல்சன் அதையே நினைச்சிட்டு இருந்தாரு. சின்ன வேலை. பேரு வைக்கிற வேலை. யாருமே செய்யலையே!

அஸ்மா சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு கீழக்கரை கிளம்பினாங்க. போகும்போது சொன்னாங்க: "முடிச்சு வைங்க. நான் வந்து எல்லார்கிட்டயும் சொன்னதுக்கப்புறம் மாத்துவோம்."

நெல்சன் முடிச்சாரு. ஒவ்வொரு பட்டனுக்கும் பேரு வச்சாரு. எந்தப் பக்கத்துல இருக்கோம்னு தெரியணுமேன்னு, மேல ஒரு தலைப்பும் சேர்த்தாரு. போன்ல போட்டுக் கேட்டாரு. பக்கம் அவ்வளவு அழகா பேசுச்சு. மனசு அடங்கல. மேடம் வரும்போது ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு ஞாயித்துக்கிழமையே மாத்திட்டாரு.

திங்கக்கிழமை காலையில கோதண்டம் பஸ்ல உக்காந்து சத்தத்தைக் குறைச்சாரு. ஒம்பது தள்ளினாரு, ரெண்டு தட்டினாரு. கேள்வி வந்துது, மறுபடி ரெண்டு தட்டினாரு.

மேல ஒரு தலைப்பு புதுசா வந்திருக்கே, அதுக்கும் ஒரு தள்ளு! ஒம்பதாவதா இருந்த 'உறுதி' பத்தாவதா போயிடுச்சு. ஒம்பதாவது இடத்துல இப்போ, இந்த வாரத்து இடம் வேண்டாம்னு சொல்ற 'ரத்து'.

மறுநாள் வார்டுக்கு வந்தாரு. அவரோட மெஷின்ல வேற ஆளு.

"என்னம்மா, என் கட்டிலை வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

நர்ஸ் கம்ப்யூட்டரைப் பாத்தாங்க. "நீங்களே ரத்து பண்ணியிருக்கீங்களே அண்ணே."

"நானா? என்னை நானே எதுக்கும்மா ரத்து பண்ணிக்கிறேன்?"

சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. எந்த மெஷினும் காலி இல்ல. வெளியில பெஞ்சுல உக்காந்தாரு. மத்தியானத்துக்குள்ள மூச்சு முட்டிருச்சு. நுரையீரல்ல தண்ணி. ஐசியூக்குத் தூக்கிட்டுப் போயி வாயில குழாய் வச்சாங்க.

அஸ்மா கல்யாண வீட்டுல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. மேனேஜர் ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு.

"பழைய பக்கத்தையே போடுங்க. அதனால யாரும் ஐசியூக்குப் போகல."

"போகலன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" அஸ்மா கேட்டாங்க. "பதிய முடியாம வராமலே போனவங்களை யாரு கணக்கெடுத்தா?"

"தலைப்பை மட்டும் எடுத்துடறேன் சார்," நெல்சன் கெஞ்சினாரு. "பேரையாவது விட்டு வைங்க."

"எதையும் தொடாதீங்க. இந்த வேலையே இனிமே வேண்டாம்."

வெளிய வந்ததும் நெல்சன் சுவத்துல சாஞ்சிட்டாரு.

"நான் செஞ்சது தப்பா மேடம்? இல்ல, மூணு வருஷமா யாரும் செய்யாம இருந்தது தப்பா?"

அஸ்மா ஐசியூ பக்கம் காதைக் கொடுத்து நின்னாங்க. கோதண்டத்தோட பொண்டாட்டி யார்கிட்டயோ போன்ல, "ரத்து பண்ணிட்டாராம், ரத்து பண்ணிட்டாராம்"னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருந்தாங்க.

"போய்ப் பழையபடி மாத்துங்க," அஸ்மா சொன்னாங்க. "மாத்திட்டு எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லுங்க. இந்தத் தடவையாவது சொல்லிருவோம்."

அப்படியே மாத்திட்டு நெல்சன் ஒவ்வொருத்தரா கூப்பிட்டாரு. அஸ்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அந்த வாரத்துக்கு இன்னும் பதியாத பழைய ஆளுங்க "சரிப்பா"ன்னு வச்சிட்டாங்க. கடைசியா செல்வராணி. புதுசா டயாலிசிஸுக்கு வர ஆரம்பிச்சவங்க. அவங்களுக்கும் பார்வை இல்ல.

"ஆஸ்பத்திரியா? அந்தப் பக்கத்தைச் செஞ்ச புண்ணியவான் யாரு தம்பி?"

நான்தான்னு நெல்சன் சொல்றதுக்குள்ள செல்வராணியே தொடர்ந்தாங்க.

"இத்தனை நாள் கொழுந்தன் கையைக் காலைப் பிடிச்சுத்தான் பதிஞ்சேன். நேத்து நானே பதிஞ்சிட்டேன். 'உறுதி'ன்னு அது சொல்லுச்சு பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அக்கா... அந்தப் பக்கத்தை எடுத்துட்டோம். இனிமே பழையபடி 'பட்டன்'னு மட்டும்தான் சொல்லும்."

"எடுத்துட்டீங்களா? ஏன், நான் ஏதும் தப்பா அழுத்திட்டேனா?"

"இல்லக்கா. நீங்க இல்ல."



"மறுபடி கொழுந்தன்கிட்டப் போய் நிக்க என்னால முடியாது தம்பி. எத்தனாவது பட்டன்னு சொல்லுங்க. நான் எண்ணிக்கிறேன்."

நெல்சன் போனை உள்ளங்கையால பொத்திக்கிட்டாரு.

"மேடம், எண்ணிக்கை கேக்கறாங்க. நாளைக்கு யாராவது பக்கத்தை மாத்தினா இவங்களும் கோதண்டம் மாதிரி... நான் என்ன சொல்றது?"

அஸ்மா அவரு பக்கம் முகத்தைத் திருப்பினாங்க.

"மெதுவா சொல்லுங்க நெல்சன். அவங்க மனப்பாடம் பண்ணணும்."